கறவை மாடு இன்ஷூரன்ஸ்: நல்ல நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கறவை மாடு ஒன்று இறந்துவிட்டால் சிறு விவசாயிக்கு ஏற்படும் நஷ்டம் மாட்டின் விலையோடு நின்றுவிடுவதில்லை. அன்று மாலையே பால் சங்கத்துக்கு ஊற்றும் பால் நின்றுவிடுகிறது. பால் பணத்தை நம்பிக் கடனுக்கு வாங்கிய தவிடும் பிண்ணாக்கும் பாக்கியாக நிற்கின்றன. மாடு வாங்க பாங்கில் பெற்ற கடனும் மாட்டோடு போய்விடுவதில்லை. தவணை மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும். இத்தகைய நேரத்தில் கைகொடுப்பதற்கு ஏற்பட்டதே கால்நடை இன்ஷூரன்ஸ் ஆகும்.

ஆனால் பிரிமியம் கட்டியவர்கள் எல்லோருக்கும் நஷ்ட ஈடு கிடைத்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மாடு இறந்த பிறகுதான் பலர் தெரிந்துகொள்கிறார்கள். மாட்டை வாங்கும்போது பல்லைப் பார்த்து, மடியைப் பார்த்து, இரண்டு வேளை கறந்து பார்த்து வாங்கும் விவசாயி, இன்ஷூரன்ஸ் செய்யும்போதும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும்.

எங்கே செய்யலாம்?

பொது இன்ஷூரன்ஸ் தொழில் 1973ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நாட்டுடைமையாக நடந்து வந்தது. நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா ஆகிய நான்கு அரசுத் துறை நிறுவனங்களும் கால்நடைகளை இன்ஷூர் செய்து வந்தன. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு தனியார் நிறுவனங்களும் இத்தொழிலில் இறங்கின.

கிராமத்து விவசாயிக்கு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, கால்நடை பராமரிப்புத் துறையின் மூலம் நடக்கும் மானியத் திட்டம். இதில் நிறுவனத்தை அரசே டெண்டர் மூலம் தேர்வு செய்கிறது. இரண்டாவது, மாட்டுக் கடன் தரும் பாங்கு அல்லது பால் கூட்டுறவுச் சங்கம் ஏற்பாடு செய்வது. மூன்றாவது, விவசாயி தாமே நேரில் ஒரு நிறுவனத்திடமோ அதன் ஏஜெண்டிடமோ செய்துகொள்வது. முதல் இரண்டு வழிகளில் நிறுவனம் ஏற்கனவே முடிவாகியிருக்கும். ஆனால் நிபந்தனைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை எல்லா வழிகளிலும் விவசாயிக்கு உண்டு.

முதலில் விசாரிக்க வேண்டியது மானியத் திட்டத்தையே. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் நடக்கும் இத்திட்டத்தில், விவசாயி கட்ட வேண்டிய பங்கை பிரிமியத்தில் 15 சதவீதமாக மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரியில் குறைத்தது. மீதியை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. தங்கள் பகுதிக்கு இவ்வாண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டறிய வேண்டும். ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரிடும். சினை மாடு வைத்திருப்போர் இந்த இடைவெளியில் மாட்டை இன்ஷூர் செய்யாமல் விட்டுவைப்பது நல்லதல்ல. ஈற்றுக் காலத்தில்தான் ஆபத்து அதிகம்.

பிரிமியம் மட்டும் அளவுகோல் அல்ல

எந்த நிறுவனத்தில் பிரிமியம் குறைவோ அதுவே நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

சந்தையில் 50,000 ரூபாய் பெறும் கறவை மாடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் மாட்டின் மதிப்பை 50,000 ரூபாய் என்றே வைத்து, 3 சதவீதம் பிரிமியம் கேட்கிறது. ஆண்டுக்கு 1,500 ரூபாய் ஆகிறது. மற்றொரு நிறுவனம் மதிப்பை 30,000 ரூபாய் என்று குறைத்து வைத்து, இரண்டரை சதவீதம் கேட்கிறது. ஆண்டுக்கு 750 ரூபாய்தான். பார்வைக்கு இரண்டாவது பாதி விலை. ஆனால் மாடு இறந்தால் இரண்டாவது நிறுவனம் தருவது அதிகம் போனால் 30,000 ரூபாய். கையில் மிச்சமானது 750; கைவிட்டுப் போனது 20,000. அந்தத் தொகைக்கு அதே தரத்தில் வேறு மாடு வாங்க முடியாது.

ஆகவே பிரிமியத்தைக் கேட்கும் முன் மாட்டின் மதிப்பை எவ்வளவு வைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மானியத் திட்டத்தில் மாட்டின் சொந்தக்காரர், கால்நடை மருத்துவர், இன்ஷூரன்ஸ் பிரதிநிதி ஆகிய மூவரும் சேர்ந்தே மதிப்பை முடிவு செய்ய வேண்டும். மதிப்புப் போடும் நாளில் விவசாயி அருகில் இருப்பது அவசியம். பால் சங்கத்தில் தினமும் ஊற்றிய பாலின் அளவு எழுதிய அட்டையைக் கையில் வைத்திருந்தால், மாட்டின் கறவையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

மதிப்பை அளவுக்கு மீறி ஏற்றி வைப்பதிலும் பயனில்லை. பல பாலிசிகளில், இன்ஷூர் செய்த தொகை, நோய்வாய்ப்படும் முன் மாட்டுக்கு இருந்த சந்தை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே தரப்படும். கூடுதலாகக் கட்டிய பிரிமியம் வீணாகிவிடும்.

ஓராண்டா, மூன்றாண்டா என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். மேற்கண்ட 50,000 ரூபாய் மாட்டுக்கு ஆண்டுதோறும் 3 சதவீதம் கட்டினால் மூன்றாண்டில் 4,500 ரூபாய் ஆகும். மூன்றாண்டுக்கு மொத்தமாக ஏழரை சதவீதம் என்றால் 3,750 ரூபாயில் முடிந்துவிடும். பணம் மிச்சமாவதோடு, புதுப்பிக்க மறந்து பாலிசி காலாவதியாகும் ஆபத்தும் குறைகிறது. நல்ல இளம் கறவைக்கு மூன்றாண்டுப் பாலிசியே ஏற்றது. வயதேறிய மாட்டுக்கு ஓராண்டு போதும்.

எவை அடங்கும், எவை அடங்கா?

சாதாரணமாகக் கறவைப் பசுவை 2 முதல் 10 வயது வரையிலும், எருமையையும் உழவு மாட்டையும் 3 முதல் 12 வயது வரையிலும் ஏற்றுக்கொள்கிறார்கள். நோய், விபத்து, தீ, இடி, வெள்ளம், புயல், அறுவைச் சிகிச்சை ஆகியவற்றால் ஏற்படும் மரணத்துக்கு நஷ்ட ஈடு உண்டு. திருட்டுப் போனால் கிடையாது. வேண்டுமென்றே செய்த காயம், கவனக்குறைவு, தகுதியற்றவர்கள் செய்த வைத்தியம் ஆகியவற்றால் மாடு இறந்தாலும் கிடையாது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்கும் பணம் தரமாட்டார்கள்.

இரண்டு நிபந்தனைகளை விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, தடுப்பூசி. கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் போன்ற நோய்களால் மாடு இறந்தால், உரிய காலத்தில் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இருந்தால்தான் நஷ்ட ஈடு கிடைக்கும். கிராமத்துக்கு வந்து இலவசமாகப் போடும் ஊசிக்கு மாட்டைக் காட்டாமல் இருந்துவிட்டு, பிறகு நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊசி போட்ட தேதியைக் கேட்டுப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, காத்திருப்புக் காலம். பாலிசி தொடங்கிய முதல் 15 நாட்களுக்குள் நோயால் மாடு இறந்தால் பல நிறுவனங்கள் பணம் தருவதில்லை. சில நிறுவனங்களில் இந்தக் காலம் இன்னும் அதிகமாக இருக்கும். இது குறைவாக உள்ள நிறுவனம் விவசாயிக்கு அனுகூலமானது. மாட்டுக்கு உடம்பு சரியில்லாத பிறகு அவசரமாக இன்ஷூர் செய்வதால் பயன் இல்லை என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

மாடு உயிரோடு இருந்தும், நிரந்தரமாகச் சினை பிடிக்காமலோ பால் கறக்காமலோ போய்விடுவதுண்டு. இந்த நிரந்தர ஊனத்துக்குத் தனியாகக் கூடுதல் பிரிமியம் கட்டியிருந்தால் மட்டுமே பணம் கிடைக்கும். அப்போதும் முழுத் தொகையும் தராமல் அதில் ஒரு பங்கையே தருவது வழக்கம். பங்கு எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நஷ்ட ஈடு தரும் முறையே உரைகல்

ஒரு நிறுவனம் நல்லதா என்பதை அது பிரிமியம் வாங்கும் முறையை வைத்துச் சொல்ல முடியாது. பணம் கொடுக்கும் முறையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. கடந்த ஓரிரு ஆண்டுகளில் தங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இன்ஷூர் செய்த மாடு இறந்த வீட்டுக்குச் சென்று விசாரிக்க வேண்டும். எந்த நிறுவனம்? எத்தனை நாளில் ஆள் வந்து பார்த்தார்? எத்தனை தடவை அலைய விட்டார்கள்? பேசிய தொகை முழுவதும் வந்ததா? இந்த நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் எந்த விளம்பரத்தையும்விட மேலானது. கால்நடை மருத்துவரும் பால் சங்கச் செயலாளரும் இதுபோன்ற பல மாடுகளின் விவரம் அறிந்தவர்கள். அவர்களையும் கேட்கலாம்.

மானியத் திட்டத்தின் விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. மாடு இறந்த தகவல், பாலிசி, நஷ்ட ஈட்டு விண்ணப்பம், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகிய நான்கு ஆவணங்கள் மட்டுமே போதும். அவற்றைக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டி சேர்த்துத் தர வேண்டும். தனியாகப் பாலிசி எடுப்பவர்களும் இதே அளவுகோலை வைத்து நிறுவனத்தைக் கேட்கலாம். எத்தனை நாள் என்று எழுத்தில் தரத் தயங்கும் நிறுவனத்தை ஒதுக்கிவிடுவதே மேல்.

நிறுவனத்தின் கிளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். மாடு இறந்தால் நெடுநேரம் வைத்திருக்க முடியாது. வெயில் காலத்தில் சில மணி நேரமே தாங்கும். அதற்குள் வந்து பார்க்க ஆள் உண்டா? வர இயலாவிட்டால், படம் எடுத்து அனுப்பி, கால்நடை மருத்துவரின் பரிசோதனையோடு புதைத்துவிட அனுமதிப்பார்களா? பாலிசி எடுக்கும்போதே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

காது வில்லை

கால்நடை இன்ஷூரன்ஸில், வில்லை இல்லையேல் நஷ்ட ஈடு இல்லை என்பது பழைய விதி. இறந்த மாடும் இன்ஷூர் செய்த மாடும் ஒன்றே என்பதற்குக் காதில் உள்ள எண்தான் அத்தாட்சி. இப்போது கால்நடை பராமரிப்புத் துறை 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் நிற வில்லையைப் பொருத்துகிறது. வில்லையிலுள்ள எண்ணும் பாலிசியிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாலிசி வந்த அன்றே இலக்கம் இலக்கமாகச் சரிபார்க்க வேண்டும். ஓர் எண் மாறியிருந்தாலும் உடனே திருத்தி வாங்க வேண்டும்.

வேலியில் மாட்டியோ, மற்ற மாடு இழுத்தோ வில்லை அறுந்துபோவதுண்டு. அப்படி அறுந்தால் அன்றே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கால்நடை மருந்தகத்தில் புது வில்லை பொருத்தி, புதிய எண்ணைப் பாலிசியில் பதிவு செய்ய வேண்டும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்ட எத்தனையோ பேர், மூன்றாண்டு கட்டிய பிரிமியத்தை இந்தச் சிறு வில்லைக்காக இழந்திருக்கிறார்கள்.

மாட்டை விற்றாலோ வாங்கினாலோ, மீதமுள்ள காலத்துக்குப் பாலிசியைப் புதிய சொந்தக்காரர் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் இருவருக்கும் பயன் இல்லை.

மாடு இறந்தால்

உடனே நிறுவனத்துக்கும், கடன் இருந்தால் பாங்குக்கும் தகவல் கொடுக்க வேண்டும். தகவல் சொன்ன நேரத்தையும், பேசியவர் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். காது வில்லை தெரியும்படி படம் எடுக்க வேண்டும். கால்நடை மருத்துவர் பரிசோதிக்கும் முன் மாட்டைப் புதைக்கக் கூடாது. வில்லையைக் கழற்றவும் கூடாது. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். பாங்குக் கடனில் வாங்கிய மாடானால், நஷ்ட ஈடு முதலில் கடன் கணக்குக்குப் போகும். மீதிதான் விவசாயியின் கைக்கு வரும்.

மறுத்தால் என்ன செய்வது?

நஷ்ட ஈடு இல்லை என்று வாயால் சொன்னால் ஏற்கக் கூடாது. காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டாண்டுகளுக்குள் செல்லலாம்.

கையெழுத்துப் போடும் முன்

மாட்டின் மதிப்பு எவ்வளவு? காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? எந்த நோய்களுக்குத் தடுப்பூசிச் சான்று வேண்டும்? நிரந்தர ஊனம் சேர்ந்திருக்கிறதா? மாடு இறந்தால் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்? பணம் எத்தனை நாளில் வரும்? இந்த ஆறு கேள்விகளுக்கும் நேரான பதில் சொல்லி, அதைப் பாலிசியிலும் காட்டுகிற நிறுவனத்தையே விவசாயிகள் தேர்ந்தெடுக்க வேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு பாலிசியை ஒரு முறை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. மாடு நன்றாகக் கறந்துகொண்டிருக்கும் நாளே இதற்கு ஏற்ற நாள் ஆகும்.