கணு உதிர்ந்த மேசை

நம் பள்ளித் தையல் அறையில் சன்னலோரமாகக் கிடக்கும் நீண்ட மேசையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதன் பலகையில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் ஓட்டையும், அதற்கு ஒரு சாண் தள்ளி வெடித்த கணு ஒன்றும் இருந்தன. ஊசி விழுந்தால் ஓட்டை வழியே தரைக்குப் போய்விடும். துணியை இழுத்தால் வெடிப்பின் சிராயில் மாட்டி நூல் பிரியும். சென்ற ஆண்டுக் கண்காட்சிக்கென்று பூத்தையல் போட்ட விரிப்பு ஒன்று அங்கேதான் கிழிந்தது. போட்டவள் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மேசையைப் பழைய மரக்கடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐந்து பேர் சிஸ்டரிடம் சென்று, "தவணை கொடுங்கள் சிஸ்டர், நாங்கள் அடைத்துத் தருகிறோம்" என்று கேட்டோம். நவம்பர் மாதத்தில் மூன்று சனிக்கிழமைகள் கிடைத்தன.

எங்களில் ஒருத்தியின் தாத்தா தச்சுவேலை செய்பவர். முதல் சனிக்கிழமை அவர் வந்து பலகையைத் தட்டிப் பார்த்து, "இது வேப்பம் பலகை. நல்ல மரம்தான். இதுல ஒண்ணு உயிர்க்கணு, ஒண்ணு செத்த கணு" என்றார். கணுவுக்கும் உயிர் உண்டா என்று நாங்கள் விழித்தோம். அவர் விளக்கியது இது. மரத்தின் கிளை அடிமரத்திலிருந்து புறப்படும் இடமே பலகையில் கணுவாகத் தெரிகிறது. கிளை உயிரோடு இருக்கும்வரை அதன் நாரும் அடிமரத்தின் நாரும் பின்னிக்கொண்டு வளரும். அந்தக் கணு பலகையை விட்டு அகலாது, வெடிக்க மட்டுமே செய்யும். கிளை பட்டுப்போன பிறகோ, அடிமரம் அதைச் சுற்றிப் பருத்துக்கொண்டு போகும், ஆனால் நார் சேராது. நடுவே பட்டையும் சிக்கிக்கொள்ளும். பலகை அறுபட்டுக் காயும்போது இந்தக் கணு சுருங்கி, ஒரு நாள் அடைப்பான் கழன்றாற்போல விழுந்துவிடும். நம் மேசையில் விழுந்தது அதுதான்.

இத்தகைய ஓட்டைகளை அக்காலத் தச்சர்கள் வஜ்ஜிரப் பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தார்கள். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது வஜ்ஜிரம். ஈரம் பட்டால் அது இளகிவிடும். வண்ணம் பூசுபவர்களின் லப்பமோ காயும்போது சுருங்கிப் பெயரும். இந்த இரண்டு குறையும் இல்லாததாக இருபதாம் நூற்றாண்டில் வந்தது எபாக்ஸி. சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியலார் பியர் காஸ்தான் என்பவர் பொய்ப்பல் செய்வதற்கு ஏற்ற பொருளைத் தேடியபோது இதைக் கண்டு, 1938-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பின்னர் சீபா நிறுவனம் அந்த உரிமையைப் பெற்று, 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் ஒட்டுப்பசையாக வெளிக்கொணர்ந்தது. இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் சிரித்து, தம் பொய்ப்பல்லைத் தொட்டுக் காட்டினார்.

கடையில் இது இரண்டு டப்பாக்களாகக் கிடைக்கிறது. ஒன்றில் ரெசின், மற்றதில் ஹார்டனர். தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் கெட்டித் தேன்போல் கிடக்கும், கலந்தால் கல்லாகும். இங்கேதான் நாங்கள் வழுக்கி விழுந்தோம்.

ஹார்டனர் என்றால் கெட்டிப்படுத்துவது, ஆகவே கூட ஊற்றினால் சீக்கிரம் கெட்டியாகும் என்று எண்ணி, ரெசினைப்போல் இரண்டு மடங்கு ஹார்டனரைக் கண் மதிப்பாக ஊற்றிக் கலந்து, ஓட்டையை நிரப்பிவிட்டுப் பெருமையுடன் வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை காலையில் தொட்டால் பலாப்பழப் பால்போல் விரலோடு வந்தது. செவ்வாய், புதன், அதே கதை. சிஸ்டர் வந்து பார்த்து, "டப்பா மேல எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். ஐவரும் தரையைப் பார்த்தோம். இரண்டு பங்கும் சம அளவு என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை வேதியியல் ஆசிரியை கரும்பலகையில் வரைந்து காட்டினார். ரெசின் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த சிறு முக்கோண வளையம் இருக்கிறது. முறுக்கி வைத்த கம்பிபோல் அது எப்போது அவிழலாம் என்று காத்திருக்கும். ஹார்டனரில் உள்ள அமீன் அதைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. இப்படி ஒவ்வொன்றும் பல கைகளால் பலவற்றைப் பிடிக்க, முழுதும் ஒரே வலையாகி இறுகுகிறது. கோலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கோலுக்கு எதிர்க்கோல் ஒன்று வேண்டும். ஆட வந்தவர்களில் பாதிப்பேருக்கு இணை இல்லையென்றால் பின்னல் எப்படி விழும்? மிகுந்துபோன அமீன் பிடிக்க ஆளின்றி நின்றதால்தான் எங்கள் பிசின் பிசுபிசுத்தது. இன்னொன்றும் அன்று விளங்கியது. லப்பத்தில் நீர் ஆவியாகிறது, ஆகவே அது சுருங்குகிறது. எபாக்ஸி காய்வதில்லை, இறுகுகிறது. அதிலிருந்து எதுவும் வெளியேறாததால் மிகக் குறைவாகவே சுருங்கும்.

இரண்டாம் சனிக்கிழமை முழுவதும் பிசுபிசுப்பைச் சுரண்டுவதிலேயே கழிந்தது. உளியால் தோண்டி, தின்னர் நனைத்த துணியால் துடைத்தோம். அவசரத்தில் கையுறை போடாமல் வேலை செய்த எங்கள் தோழிக்கு விரலிடுக்கில் சிவந்து கொப்புளம் வந்தது. அவள் கையையும் தின்னரால் துடைத்துக்கொள்ளப் போனாள். நல்லவேளையாக ஆசிரியை தடுத்தார், ஏனெனில் தின்னர் பிசினைத் தோலுக்குள்ளே கொண்டுபோய்விடும். சோப்பும் தண்ணீரும்தான் சரி. ஒருமுறை இப்படி ஒவ்வாமை வந்தால், பிறகு சிறிதளவு பட்டாலும் வரக்கூடுமாம். அவள் அதற்குப்பின் பிசினைத் தொடவில்லை. எங்களுக்கு அளவு பார்த்துச் சொல்லும் வேலையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் சனிக்கிழமைதான் மிஞ்சியிருந்தது. ஓட்டையின் சுவரில் ஒட்டியிருந்த பட்டையையும் தளர்ந்த நாரையும் குறுகிய உளியால் எடுத்து, கெட்டி மரம் தெரியும்வரை சுத்தம் செய்தோம். உளுத்த மரத்தின்மேல் ஊற்றினால் பிசின் உளுப்பைத்தான் பிடித்துக்கொள்ளும், மரத்தை அல்ல. (தேக்காக இருந்தால் எண்ணெய்ப் பசையையும் துடைக்க வேண்டும். நம் மேசைக்கு அந்தக் கவலை இல்லை.) பலகையின் அடியில் பார்சல் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி ஓட்டையின் வாயை அடைத்தோம். எவ்வளவு பிசின் தேவை? உருளையின் கன அளவை இந்த ஆண்டு படித்தோம் அல்லவா? ஆரம் 1.25 சென்டிமீட்டர், பலகையின் கனம் 2.5 சென்டிமீட்டர், விடை சுமார் 12 மில்லிலிட்டர். தேர்வுத்தாளுக்கு வெளியே இந்தச் சூத்திரம் உதவியது எங்களுக்கு இதுவே முதன்முறை.

மரத்தூள் கலந்து பலகையின் நிறத்துக்கே கொண்டுவர எண்ணினோம். தாத்தா ஒப்பவில்லை. பிசினில் நனைந்த தூள் கறுத்துத் திட்டாகத் தெரியும், அதைவிடக் கறுப்பாகவே அடைத்தால் கணு என்றே கண் ஏற்றுக்கொள்ளும் என்றார். ஆகவே அடுப்புக்கரியை இடித்து, துணியில் சலித்து ஒரு சிட்டிகை சேர்த்தோம். சம அளவாக எடுத்து, குவளையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து ஐந்து நிமிடம் கலக்கினோம். முதலில் ஓட்டையின் உட்சுவரில் மெல்லிய பூச்சு. மரத்துளைகளிலிருந்து காற்று வந்து குமிழி எழாமலிருக்க இது. பிறகு பாதி ஊற்றி, அது இறுகத் தொடங்கியதும் மீதிக்குப் புதிதாகக் கலந்து ஊற்றி, பலகையைவிடச் சற்று மேடாக விட்டோம். நிறையப் பிசினை ஒரே குவளையில் கலந்து வைத்திருந்தால் இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றிப் புகைகூடக் கிளம்பும் என்று ஆசிரியை எச்சரித்திருந்தார். உயிர்க்கணுவின் வெடிப்பில் ஈர்க்குச்சியால் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்கு முன்பே ஐந்து பேரும் தையல் அறை வாசலில் நின்றோம். நகத்தால் தட்டினால் டக்கென்று சத்தம் கேட்டது! அன்று மாலை மேட்டை உளியால் சீவி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் பூசினோம். மேசை பழைய மரக்கடைக்குப் போகவில்லை.

எல்லா ஓட்டைக்கும் இது மருந்தன்று. மேசைக்கால் சேரும் பொருத்தில் கணு விழுந்திருந்தால், மரத்துண்டு வெட்டி வைத்துத்தான் அடைக்க வேண்டும் என்கிறார் தாத்தா. ஓட்டைக்கருகே புதிதாக மாவு உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. முதலில் அதற்கு மருந்து.

நிற்க. மழைக்காலத்தில் அடைத்த அந்தக் கறுப்புக் கணுவின் ஒரு பக்கத்தில், மாசி வெயிலில் முடியளவு கோடு ஒன்று தெரிந்தது. பதறிப்போய்த் தாத்தாவை அழைத்து வந்தோம். "மழையில ஊதியிருந்த மரம் இப்ப வத்துது. பிசின் வத்தாது. நீங்க கோடையில ஊத்தியிருக்கணும்" என்றார். துணி மாட்டுகிற அளவுக்கு அது அகலமில்லை. ஆனி மாதம் பள்ளி திறந்ததும் பார்த்து, கோடு அப்படியே இருந்தால் ஒரு சொட்டு விடலாம். அப்போது நாங்கள் இந்த வகுப்பில் இருக்க மாட்டோம். மீதி ரெசினும் ஹார்டனரும் தையல் அறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன, ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே. கையுறையும் பக்கத்திலேயே இருக்கிறது. மூடிகளை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்; பிறகு டப்பா திறக்காது.