வெள்ளைப் பாஷாணம்: நுண்ணுயிருக்கும் செரிக்காத நஞ்சு

"மண்ணுல என்ன நஞ்சு கிடந்தாலும் மூணு வருஷம் அமுதக்கரைசல் ஊத்துங்க, எல்லாம் சரியாயிடும்." நம் பயிற்சிகளில் இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றுக்கு இது பெருமளவு சரிதான். அவை கார்பன், ஹைட்ரஜன், பாஸ்பரஸ் என்று பல அணுக்கள் கோத்த சங்கிலிகள். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சங்கிலியை அறுத்துத் தின்றுவிடும். ஆனால் நஞ்சே ஒரு தனிமமாக இருந்தால்? அறுப்பதற்கு அதில் கண்ணியே கிடையாது. ஆர்சனிக் அப்படிப்பட்டது. அதன் ஆக்சைடுதான் வெள்ளைப் பாஷாணம்.

பழைய ஆட்கள் எலிப்பாஷாணம் என்பார்கள். வேதியியலில் ஆர்சனிக் டிரை ஆக்சைடு. இரண்டு ஆர்சனிக் அணுவோடு மூன்று ஆக்சிஜன் அணு. ஆர்சனிக் முழு உலோகம் அல்ல, உலோகப்போலி. ஆனாலும் ஆய்வகத்தில் ஈயம், காட்மியம் ஆகியவற்றோடு கன உலோகப் பட்டியலில்தான் இதையும் பார்ப்பார்கள். செம்பு, ஈயம், தங்கம் எடுக்கும் தாதுக்களில் ஆர்சனிக் கலந்திருப்பதுண்டு. தாதுவை வறுக்கும்போது அது புகையாகக் கிளம்பி, குளிர்ந்த இடத்தில் வெள்ளைப் பொடியாகப் படியும். பார்க்க மாவு மாதிரி, சுண்ணாம்பு மாதிரி இருக்கும். மணம் இல்லை, சுவையும் அநேகமாக இல்லை. குளிர்ந்த நீரில் மெதுவாகக் கரையும், வெந்நீரில் கூடுதலாகக் கரையும்.

ஒரு சிட்டிகைக்கும் குறைவாக உள்ளே போனாலே ஆள் பிழைப்பது கடினம். வாந்தியும் பேதியுமாகப் போகும். அந்தக் காலத்தில் காலரா என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள். 1836ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் உடலில் இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை வெளியிட்ட பிறகுதான் நஞ்சு வைத்தவர்கள் மாட்டத் தொடங்கினார்கள். உடலில் இது செய்யும் வேலை எளிமையானது. நம் நொதிகளில் கந்தகம் உள்ள இடங்களைப் போய்ப் பிடித்துக்கொள்ளும், நொதி நின்றுபோகும். டைமெர்காப்ரால் என்ற மாற்று மருந்தும் அதே கந்தகத்தைக் காட்டித்தான் ஆர்சனிக்கை இழுத்து வெளியே கொண்டுவருகிறது. அதனால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் நேரே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும்.

இது வேளாண்மைக்குள் எப்படி வந்தது? இந்த ஆக்சைடு காரத்திலும் கரையும், வலுவான அமிலத்திலும் கரையும். சோடாவோடு சேர்த்தால் சோடியம் ஆர்சனைட். அதைக் களைக்கொல்லியாகவும், மாட்டு உண்ணிக்கு மாடுகளை முக்கி எடுக்கும் தொட்டிகளிலும் பல நாடுகளில் பயன்படுத்தினார்கள். செம்பு உப்போடு சேர்த்தால் பாரிஸ் பச்சை. 1860களில் அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களில் வண்டுக்கு அதைத்தான் தூவினார்கள். 1892ல் ஈய ஆர்சனேட் வந்தது, ஆப்பிள் தோட்டங்களில் டி.டி.டி. வரும்வரை அதன் ராஜ்ஜியம்தான். பசுமைப் புரட்சிக்கு முன்னால் உலகம் முழுக்க இயற்கை வேளாண்மை இருந்தது என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்! அந்த ஆப்பிள் தோட்டங்கள் பலவற்றில் மரம் போய், வீடுகள் வந்து, இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. மேல்மண்ணில் ஈயமும் ஆர்சனிக்கும் இன்றும் இருக்கின்றன.

நுண்ணுயிர்கள் சும்மா இருப்பதில்லை. ஆர்சனிக்கின் உருவத்தை மாற்றும், சிலவகைப் பூஞ்சைகள் அதை வாயுவாகக்கூட மாற்றிக் காற்றில் விடும். ஆனால் அழிக்க முடியாது. மாற்றுக்காலம் மூன்று ஆண்டு என்று சான்றிதழில் எழுதியிருப்பதால் இது மண்ணைவிட்டுப் போய்விடாது.

நெல் போடுகிறவர்கள் அடுத்த விஷயத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். காய்ச்சலாகக் கிடக்கும் மண்ணில் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஆர்சனிக்கை இறுகப் பிடித்து வைத்திருக்கும். நீர் கட்டினால் மண்ணில் காற்று தீர்ந்து, அந்த இரும்பு கரைந்து, பிடித்திருந்த ஆர்சனிக் விடுபடும். அதுவும் கூடுதல் நஞ்சுள்ள ஆர்சனைட் உருவத்தில். நெல்வேர் சிலிக்காவை உறிஞ்சுவதற்கென்று வைத்திருக்கும் வாசல் வழியாகவே இது உள்ளே நுழைந்துவிடுகிறது. வேருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வங்கத்தில் இதுதான் நடக்கிறது. அங்கே குளத்து நீர் நோய் தருகிறது என்று ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நிலத்தடி வண்டலில் இயற்கையாகவே இருந்த ஆர்சனிக் நீரில் வந்தது. 1983ல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா உள்ளங்கை தடித்து, உடம்பெல்லாம் மழைத்துளி தெறித்தது மாதிரி புள்ளி விழுந்த நோயாளிகளைப் பார்த்து, காரணம் ஆர்சனிக் என்று அடையாளம் கண்டார். ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பையில் புற்றுநோய். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நீரே வயலுக்கும் பாய்ந்தது. யாரும் தெளிக்காத நஞ்சு, முழுக்க முழுக்க இயற்கை! 'இயற்கை' என்ற சொல்லை வைத்து மட்டும் நாம் எதையும் நல்லது என்று சொல்லக்கூடாது என்று நான் வாதாடுவது இதனால்தான்.

நமக்குக் கசப்பான இன்னொரு சேதி. ஆர்சனிக் இருக்கும் வயலில், நீர் நிற்கும்போது பச்சைத் தழையையும் மட்காத எருவையும் நிறையப் போட்டால் காற்று இன்னும் வேகமாகத் தீர்ந்து, ஆர்சனிக் கூடுதலாக வெளியேறும். அங்கே எரு நன்றாக மட்கியிருக்க வேண்டும். வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் நெல்லில் ஏறுவது குறையும். ஆனால் மண்ணில் காட்மியமும் இருந்தால் காயப்போடும்போது அது ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளணும். உமி, உமிச்சாம்பல் வழியாகச் சிலிக்கா கொடுத்தால் வாசலில் போட்டி உண்டாகும். அரிசியில் ஆர்சனிக் தவிட்டுப் பக்கம்தான் அதிகம் தங்கும். கைக்குத்தல் அரிசி விற்கும் நாம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நிறைய நல்ல தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்தால் கணிசமாகக் குறையும். குக்கர் வந்தபின் வடிக்கிற பழக்கமே போய்விட்டது, என்ன செய்ய?

எல்லா நிலத்திலும் இது இருக்கும் என்று பயமுறுத்தவில்லை. பெரும்பாலான மண்ணில் கிலோவுக்கு 1 முதல் 10 மில்லிகிராம் வரை இயல்பாகவே இருக்கும். நிலம் குத்தகைக்கு எடுக்கும்போதும், வெளியிலிருந்து இடுபொருள் வாங்கும்போதும்தான் கவனம். தழை, மணி, சாம்பல் சத்து பார்க்கும் வழக்கமான மண் பரிசோதனையில் ஆர்சனிக் வராது. சந்தேகம் இருந்தால் கன உலோகம் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். நகரக் குப்பை உரத்துக்கும் அதே சோதனை. கோழி எரு வாங்கினால் தீவனத்தில் என்ன மருந்து கலந்தார்கள் என்று கேளுங்க. அமெரிக்காவில் ராக்சார்சோன் என்ற ஆர்சனிக் மருந்தைக் கோழித்தீவனத்தில் பல பத்தாண்டுகள் கொடுத்து, 2011ல்தான் விற்பனையை நிறுத்தினார்கள். அடுத்தது மரக்கம்பம். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் ஏற்றிக் கரையான் அரிக்காமல் செய்யும் முறையை 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசம் உருவாக்கினார், உலகம் முழுக்கப் பரவியது. வெளிறிய பச்சை நிறம் ஏறிய பழைய கம்பத்தை அடுப்பில் எரிக்காதீர்கள். ஆர்சனிக் பாதி புகையில் வரும், பாதி சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பலைக் கத்தரிக்குத் தூவினால் கேட்கவே வேண்டாம்.

மண்ணிலிருந்து இழுத்தெடுக்க ஒரு பெரணிச்செடி உண்டு, டெரிஸ் விட்டாட்டா. பழைய சுண்ணாம்புச் சுவர் இடுக்கில் முளைக்கும் வகை. ஆர்சனிக்கைத் தன் இலையில் குவித்துக்கொள்ளும் என்று 2001ல் கண்டறிந்தார்கள். ஆனால் பல ஆண்டு வேலை. அறுத்த பெரணியை மாட்டுக்கும் போட முடியாது, மட்கவும் வைக்க முடியாது.

தாத்தா காலத்துப் பரணில், பெயர் அழிந்த டப்பாவில் வெள்ளைப் பொடி இருந்தால் மோந்து பார்க்கவோ நாக்கில் வைக்கவோ வேண்டாம். நெருப்பில் போட்டால் ஆவியாகி மூக்குக்குள் வரும். கழிவறை அமிலத்தை ஊற்றிக் கழுவினால், துத்தநாகம் பூசிய வாளியில் அது ஆர்சின் என்ற கொடிய வாயுவைக் கிளப்பிவிடலாம். தோட்டத்து மூலையில் புதைத்தால் கிணற்றுக்குப் போகும். மூடியைத் திறக்காமல், கிழியாத இரண்டு பாலித்தீன் பைக்குள் கட்டி, மேலே 'நஞ்சு' என்று எழுதி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் பூட்டி வையுங்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில், அபாயக் கழிவை யாரிடம் ஒப்படைப்பது என்று கேளுங்கள்.