யார் கொடுத்த பணம்?



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில், ஓட்டுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று பேசிக் கொண்டிருந்தேன். ஒரு உறுப்பினர் மடக்கினார்: "நாங்க ஐந்நூறு வாங்குனா தப்பு. கம்பெனிக்காரங்க கட்சிக்குக் கோடி கோடியா குடுக்கறாங்களே, அது என்னக்கா?" நியாயமான கேள்வி.

2018 முதல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று இருந்தது. ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. நம் குழுவில் பத்து ரூபாய் சேமிப்புக்கூட பெயரோடு நோட்டில் ஏறுகிறது! 15.2.2024 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் ஒருமனதாக இதை ரத்து செய்தார்கள். வழக்கு தொடங்கியது 2017-ல். அடுத்த மாதமே பட்டியல் வெளியானது. முதலிடம் யார் தெரியுமா? கோவை முகவரி கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பல கட்சிகளுக்கும் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003-ல். கூலியை எல்லாம் சீட்டில் விட்ட ஆம்பளைங்களை நம் அம்மாமார்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதோடு தீரவில்லை. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம்தான் செலவு செய்யலாம். கட்சிக்கு வரம்பே கிடையாது. வரம்பு வைக்க வேண்டியவர்களும் அந்தப் பணத்தில் ஜெயித்தவர்கள்தானே! சீக்கிரம் மாறும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ஐந்நூறு எந்தப் பையிலிருந்து வருகிறது என்று கேட்கலாம்.

வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நம் தொகுதி எம்.எல்.ஏ.வின் பிரமாணப் பத்திரத்தை ஊக்குநர் பிரிண்ட் எடுத்து வரட்டும். சேமிப்பு வசூல் முடிந்ததும் சத்தமாகப் படிப்போம்.