கோதுமை கலவாத நொறுக்குத் தீனி

தண்டவாளத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு எளிது. இம்முறை தட்டையையும் முறுக்கையும் பற்றி எழுத வந்திருக்கிறேன். காரணம், என் பேத்தி.

ஒன்பது வயதுக் குழந்தை. இரண்டு ஆண்டுகளாக எடை ஏறவில்லை, ரத்த சோகை, அடிக்கடி வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து, சத்து டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் அது 'சீலியாக்' என்னும் நோய் என்று தெரிந்தது. "இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுதும் கோதுமையை விலக்க வேண்டும்" என்றார் மருத்துவர். "நம் வீட்டில் அரிசிச் சோறுதானே, இது என்ன பெரிய காரியம்?" என்று நான் அலட்சியமாக நினைத்தேன். அது தவறு என்பதைத் தீபாவளி அன்று கற்றுக்கொண்டேன்.

நோய் என்ன?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவு இழுத்தால் ரப்பர் போல் வருவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதை உண்டால், அவர்களுடைய உடலின் தற்காப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அங்குள்ள நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நல்ல உணவு கொடுத்தாலும் சத்து உடம்பில் ஒட்டாது. கோதுமையை நிறுத்தினால் குடல் மெல்ல மெல்லத் தேறிவிடும்.

இதைக் கண்டறிந்தவர் டிக்கே என்னும் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. 1944-45 பனிக்காலத்தில் ஹாலந்தில் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாட, இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. தம் ஆய்வை அவர் 1950இல் வெளியிட்டார். அதே உலகப் போர்க் காலத்தில் நம் பெங்களூரில் அரிசித் தட்டுப்பாடு. அதற்கு மாற்றாகத்தான் ரவா இட்லியை உண்டாக்கினோம் என்பது மாவள்ளி டிபன் ரூம் சொல்லும் வரலாறு. ஒரே போர், அங்கே கோதுமையை நிறுத்தியது, இங்கே இட்லிக்குள் கோதுமையைக் கொண்டுவந்தது!

2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் ரத்தத்தில் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. இதற்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் வடக்கே நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். நம்மவரிடம் அபூர்வம் என்பதாலேயே நமக்கு எளிதில் சந்தேகம் வருவதில்லை. வெளியூரில் குடியேறி, இரவானால் சப்பாத்தி, காலையில் பிரெட் என்று பழகிவிட்ட நம் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டிவிடக்கூடும். முதலில் மருத்துவர், பரிசோதனை, பிறகுதான் பத்தியம்.

எது ஆகும், எது ஆகாது?

ஆகாதவை: கோதுமை மாவு, மைதா, ரவை, கோதுமை சேமியா, சம்பா கோதுமை, பார்லி. ஆகவே பிஸ்கட், ரஸ்க், சமோசா, பாதுஷா, சோமாசி, கேசரி, காராபாத் எல்லாம் விலக்கு. பாலில் கலக்கும் சத்துமாவு பானங்கள் பலவற்றில் பார்லி மால்ட் இருக்கிறது, அவையும் கூடாது.

ஆகுபவை: அரிசி, அவல், பொரி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, எல்லாப் பருப்பு வகைகளும், பொட்டுக்கடலை, நிலக்கடலை, எள், ஜவ்வரிசி, கிழங்குகள். பாருங்கள், நம் பாட்டிமார் அடுக்களையில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது.

ஒளிந்திருக்கும் கோதுமை

தீபாவளிக்கு நானும் என் மனைவியும் பேத்திக்கென்றே அரிசி மாவில் தட்டை செய்தோம். "தாத்தா, இது நிஜமாவே எனக்கா?" என்று கேட்டுக் கேட்டுத் தின்றாள். அன்றிரவே வாந்தி; இரண்டு நாள் வயிற்று வலி. பண்டிகை போயிற்று. அதைவிட, அடுத்த வாரம் நான் கொடுத்த வாழைப்பழத்தைக்கூட அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது என்னை மிகவும் வருத்தியது.

ரயில் பாதையில் பழுது வந்தால் யார்மேல் குற்றம் என்று முதலில் பேசமாட்டோம். ஒவ்வொரு ஸ்லீப்பராகப் பார்த்துக்கொண்டே நடப்போம். அதேபோல் சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூன்று பழுதுகள் தென்பட்டன.

முதலாவது, பெருங்காயம். கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பார்கள். டப்பாவிலேயே அச்சிட்டிருந்தது, இத்தனை வருடங்களில் நான் படித்ததில்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு ஓமம், சீரகம், பூண்டு போடுங்கள், மணம் குறையாது.

இரண்டாவது, மாவு மில். எங்கள் அரிசிக்குச் சற்று முன்னால் அதே இயந்திரத்தில் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள். அரிசியைக் களைந்து ஊறவைத்து, துணியில் நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலிப்பதே பாதுகாப்பு. சல்லடையும் தனியாக இருக்கட்டும்.

மூன்றாவது, எண்ணெய். முதல்நாள் பூரி பொரித்த எண்ணெயிலேயே தட்டை போட்டோம். பூரியின் மாவு அடியில் தங்கியிருக்கும். புது எண்ணெய் ஊற்றி, குழந்தைக்கானதை முதலில் பொரித்துத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள்.

மூன்றில் எது அன்று வினை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பழுதை மட்டும் சரிசெய்துவிட்டு வண்டியை விடுவது எங்கள் வழக்கமல்ல, மூன்றையும் சரிசெய்தோம்.

வீட்டில் செய்ய மூன்று

தேன்குழல்: அரிசி மாவு 4 பங்கு, வறுத்து அரைத்த உளுந்து மாவு 1 பங்கு, வெண்ணெய் ஒரு பெரிய கரண்டி, சீரகம், உப்பு. தண்ணீர் தெளித்துப் பிசைந்து நிதானமான தீயில் பிழிந்து எடுக்கவும்.

கேழ்வரகுப் பக்கோடா: கேழ்வரகு மாவு 2 கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கையளவு நிலக்கடலை. உப்புப் போட்டு வெங்காயத்தைப் பிசறினால் விடும் நீரே ஏறத்தாழப் போதும். கிள்ளிப் போட்டுப் பொரிக்கவும்.

காரப் பொரி: பொரியைச் சூடான வாணலியில் மொறுமொறுப்பாகும் வரை பிரட்டி, கடுகு, பூண்டு, மஞ்சள், மிளகாய்த்தூள் தாளித்துக் கொட்டி, பொட்டுக்கடலை சேர்க்கவும். பள்ளி விட்டு வரும் நேரத்தில் பத்தே நிமிட வேலை.

கடைத்தெருவிலும் ரயிலிலும்

மைசூர் வண்டியில் ஏறினால் மத்தூர் வடை இல்லாமல் நான் திரும்பியதில்லை. அதில் அரிசி மாவோடு ரவையும் மைதாவும் உண்டு, குழந்தைக்குக் கூடாது. நிப்பட்டு, கோடுபளே இரண்டும் அரிசிப் பண்டங்கள்தான்; ஆனால் சில கடைகளில் மைதாவும் ரவையும் சேர்க்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும். காங்கிரஸ் கடலைக்காயில் பெருங்காயத்தைக் கவனிக்கவும். ஊருக்குப் போகும்போது, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கு அரிசி மாவுப் பண்டம். அங்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். 2020இல் அக்குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கடலையும் வெல்லமும்தான். பொட்டலங்களில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டிருந்தால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குமேல் அது இருக்கக் கூடாது என்பது விதி. விலை அதிகம், வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

முடிவாக

அல்சூரில் எங்கள் தெருவில் பிறந்தநாள் விழா என்றால் கேக், சமோசா, சிப்ஸ். பேத்தி தன் டப்பாவோடு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். சென்ற மாதம் பக்கத்து வீட்டு அம்மா முன்னதாகவே என் மனைவியைக் கேட்டு, பெருங்காயம் போடாத சுண்டலும் பொரி உருண்டையும் எல்லாக் குழந்தைகளுக்குமாகச் செய்திருந்தார். அன்று பேத்தி டப்பாவைத் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, "தாத்தா, நான் ரெண்டு தடவை வாங்கினேன்" என்றாள்.

உங்கள் வீட்டு விசேஷத்திற்கு இப்படி ஒரு குழந்தை வருமானால், "ஒரு வாய் தின்னால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள், ஆகும். முன்கூட்டியே பெற்றோரை ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லோருக்கும் ஆகிற பண்டம் ஒன்றாவது தட்டில் இருக்கட்டும். அதற்கு வேண்டிய அரிசியும் கடலையும் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன.