எதிர்காலம் உரைக்கும் நெறி: ஆங்கிலமும் தமிழும்

காலம் மூன்று என்பது இலக்கணத்தின் முதற்பாடங்களுள் ஒன்று. அம்மூன்றனுள் ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கரைப் பெரிதும் மயக்குவது எதிர்காலமாகும். இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் ஆங்கில வினைச்சொல் தன் உருவத்தாலே காட்டும். எதிர்காலத்துக்கு அத்தகைய தனியுருவம் அம்மொழியில் இல்லை. பிற சொற்களின் துணைகொண்டோ, நிகழ்கால வடிவங்களை இரவல் கொண்டோ அது கூறப்படும். மாணாக்கரோ எவ்விடத்துக்கும் 'வில்' என்னும் ஒரு சொல்லே போதும் என்று அமைகின்றனர். அது போதாது என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

'வில்' என்பது பழைய ஆங்கிலத்தில் விருப்பத்தையும், 'ஷால்' என்பது கடப்பாட்டையும் குறித்த சொற்கள். வெறும் எதிர்காலம் உரைக்குங்கால் தன்மைக்கு 'ஷால்', ஏனைய இடங்களுக்கு 'வில்' என்னும் விதியை ஜோன் வாலிஸ் என்பார் 1653 இல் வெளியிட்ட தம் இலக்கண நூலில் வகுத்தார். நம் முன்னோர் அதனை நெட்டுருச் செய்தனர். இன்று 'ஷால்' அருகிவிட்டது. 'நான் செய்யட்டுமா?' என்பது போன்ற வினாக்களிலும் சட்ட ஆவணங்களிலுமே அது பெரிதும் எஞ்சி நிற்கின்றது. ஆதலின் இன்று தெரிந்தெடுக்க வேண்டுவன முக்கியமாக நான்கு வடிவங்களாம்.

முதலாவது 'வில்'. வாயிற்கதவு தட்டப்படுகின்றது, ஒருவர் உடனே எழுந்து, 'ஐ வில் ஓப்பின் இற்' என்கின்றார். அக்கணத்தில் எழுந்த துணிவை இது காட்டும். வாக்குக் கொடுத்தலும், தம் கருத்தளவில் எதிர்வுகூறலும் இதற்கு உரியன.

இரண்டாவது 'கோயிங் ரூ'. கொட்டியாரக் குடாவின் மேல் கருமுகில் திரளக் கண்டவர், 'இற் இஸ் கோயிங் ரூ றெயின்' என்பர். கண்முன் அறிகுறி உண்மையின் இவ்வடிவம் வந்தது. முன்னரே எண்ணி வைத்ததையும் இது உணர்த்தும். 'பெய்யப்போகிறது' என நாமும் போதல் வினையையே துணையாக்குதல் காண்க.

மூன்றாவது, நிகழ்காலத் தொடர்வினை. 'ஐ ஆம் மீற்றிங் ஹிம் ருமொறோ' என்றால், நாளைய சந்திப்புக்கு இருவரும் இசைந்து ஒழுங்கு செய்துவிட்டனர் என்பது பொருள்.

நான்காவது, தனி நிகழ்காலம். 'த ஷிப் செயில்ஸ் அற் சிக்ஸ் ருமொறோ' என்பது கால அட்டவணைப்படி நாளை நிகழ்வது. கப்பலுக்கும் புகையிரதத்துக்கும் பரீட்சைக்கும் இது பொருந்தும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லலங்காரம் அன்று. நண்பர் ஒருவர் நோயுற்று வைத்தியசாலையில் இருக்கின்றார் என்று பிறர் கூற, 'ஐ வில் விசிற் ஹிம்' என்றால், அச்செய்தி கேட்டபின்னரே போக எண்ணினோம் என்பது போதரும். 'ஐ ஆம் கோயிங் ரூ விசிற் ஹிம்' என்றாலோ, முன்பே அவரை நினைந்திருந்தோம் என்பது விளங்கும். உள்ளத்தில் அன்பிருந்தும், வடிவம் பிழைத்தால் அவ்வன்பு வெளிப்படாது ஒழியும்.

எனவே தெரிவை நடத்துவது காலம் மட்டுமன்று; பேசுவோன் மனநிலையுமாம். இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் ஒரு காலம் மற்றொரு காலமாக வரலாம் எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் அமைதி கூறினார். உண்டுகொண்டிருப்பவன், அழைத்தவருக்கு 'இதோ வந்துவிட்டேன்' என்பது விரைவு. எறும்பு முட்டையோடு மேடேறக் கண்டு, பெய்யாத மழையைப் பெய்ததாகச் சொல்வது தெளிவு. நாளைய கப்பலுக்கு ஆங்கிலேயர் நிகழ்காலம் கூறுவதும் தெளிவு பற்றியே என்று கொண்டால் ஐயம் நீங்கும்.

தமிழ் வழக்கை அப்படியே பெயர்ப்பதால் வரும் வழுக்கள் இரண்டு உள. 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்பதில் எதிர்கால வடிவம் கண்டு 'வில் றைஸ்' என எழுதுவர். முக்காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் 'செய்யும்' என்னும் சொல்லாற் கூறுதல் தொல்காப்பியர் வகுத்த தமிழ்நெறி. ஆங்கிலநெறி 'றைஸஸ்' என்னும் நிகழ்காலம். அவ்வாறே 'அவர் வரும்போது' என்பதை 'வென் ஹீ வில் கம்' என்பர். 'வென் ஹீ கம்ஸ்' என்பதே வழு இல்லாதது. 'மழை பெய்தால்' என்பதற்கும் 'இஃப் இற் றெயின்ஸ்' என்றே வரும். 'பெய்தால்' என்பதில் தமிழும் எதிர்கால இடைநிலையைக் கொள்ளாமை நோக்கத்தக்கது.

மாணாக்கர் எழுதுமுன் தம்மையே வினவுக: இது இப்பொழுது எழுந்த துணிவா? முன்பே கொண்ட எண்ணமா? பிறரோடு செய்த ஒழுங்கா? அட்டவணையில் உள்ளதா? விடை கிடைத்தால் வடிவமும் கிடைக்கும். திருகோணமலை இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர் (1892–1947) தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வல்லவராய் விளங்கினார். அவர் வழியில் வரும் நம் இளைஞர், தாய்மொழி இலக்கணத்தைத் தடையெனக் கருதாது, அயல்மொழிக்கு ஏறும் படியாகக் கொள்வாராக.