சதுப்பு யூக்கலிப்டஸ் மரத்தை இனங்காணல்

மலைநாட்டிலே காற்றுத்தடைக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்டுள்ள யூக்கலிப்டஸ் மரங்கள் யாவும் ஓரினத்தன அல்ல. இவற்றுள் ‘ரொபஸ்டா’ என்னும் இனம் நீர் தேங்கும் நிலத்தையும் பொறுத்து வளரும்; செந்நிறமான கனத்த மரத்தைத் தரும். ‘கிராண்டிஸ்’ என்னும் இனமோ வடிகாலுள்ள ஆழமான மண்ணை வேண்டுவது. மரக்கறித் தோட்டத்தின் ஈரமான மூலையிலே இனமறியாது கிராண்டிஸ் கன்றை நடுபவர் சில ஆண்டுகால உழைப்பை இழக்க நேரிடும். ஆதலின், கன்று பெறுமுன் அதன் தாய்மரத்தைப் பார்த்தறிதல் வேண்டும்.

ரொபஸ்டாவின் தாயகம் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையாகும். குயின்ஸ்லாந்திலிருந்து தெற்கே நியூ சவுத் வேல்ஸின் ஜேர்விஸ் குடா வரையில், கடலை அடுத்த ஒடுங்கிய நிலப்பட்டியிலே, சதுப்புகளிலும் கழிமுகங்களின் ஓரங்களிலும் அது இயற்கையாக வளர்கின்றது. ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்னும் தாவரவியலறிஞர் 1795 ஆம் ஆண்டில் இதனை விவரித்துப் பெயரிட்டார். கடலோரச் சேற்றிலே பிறந்த மரம் நமது குளிர்ந்த மலைகளிலும் செழிப்பது வியப்பே.

முதலிற் பட்டையை நோக்குக. ரொபஸ்டாவின் பட்டை தடித்தது, செங்கபில நிறமுடையது, விரலால் அழுத்தினால் மெத்தென்றிருக்கும். நெடுக்காக ஆழ்ந்த வெடிப்புகளைக் கொண்ட இப்பட்டை உரிந்து வீழாது, சிறு கிளைகள் வரையும் மரத்தை மூடிநிற்கும். கிராண்டிஸிலோ அடிமரத்திற் சில அடி உயரத்துக்கு மட்டுமே சொரசொரப்பான பட்டை உண்டு. அதற்குமேல் மரம் வழுவழுப்பாய் வெண்மையாகத் தோன்றும். இவ்வொரு வேறுபாட்டைத் தூரத்திலிருந்தே காணலாம்.

ரொபஸ்டாவின் இலை அகன்றது. மேற்புறம் கரும்பச்சையாய் மினுங்கும், கீழ்ப்புறம் வெளிறியிருக்கும். எனினும் இலையை மட்டும் நம்புதல் தகாது. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து எழும் தளிர்களின் இலைகள் முதிர்ந்த இலைகளினின்றும் வேறுபடும். இதனாலேயே பலர் ஏமாறுகின்றனர்.

ஐயமறத் தெளிவதற்குக் காயே சிறந்தது. மரத்தடியிற் கிடக்கும் உலர்ந்த காய்களைப் பொறுக்கிப் பார்க்க. ரொபஸ்டாவின் காய் நீண்ட கிண்ணம் போன்றது, அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை நீளமுடையது, காம்புள்ளது. அதன் வாயிலுள்ள மூன்று அல்லது நான்கு பிளவுகள் விரிந்த பின்னரும் நுனியிலே ஒன்றோடொன்று ஒட்டிநிற்பது வழக்கம். கிராண்டிஸின் காய் மிளகினுஞ் சற்றே பெரிது. மொட்டுகள் கிடைப்பின் அவற்றையும் பார்க்கலாம்: ரொபஸ்டாவில் தட்டையான ஒரு காம்பின் நுனியிலே ஒன்பது முதல் பதினைந்து வரையான மொட்டுகள், அலகு போற் கூரிய மூடியுடன் திரண்டிருக்கும்.

அதே கரையில் வளரும் ‘பொட்ரியோயிடிஸ்’ என்னும் இனம் ரொபஸ்டாவை மிக ஒத்தது. ஆனால் அதன் மேற்கிளைகள் வழுவழுப்பானவை. காய்கள் சிறியன, காம்பற்றன.

எவ்வினமாயினும் மரக்கறிப் பாத்திக்கும் ஊற்றுக்கும் அருகில் நடலாகாது. இம்மரங்கள் பயிருக்குரிய நீரைப் பெரிதும் உறிஞ்சுவன. ஐயம் நீங்காவிடின், காய், மொட்டு, முதிர்ந்த இலை, சிறு கிளையின் பட்டை ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளிற் சுற்றி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடங் காட்டுக.