செத்த நட்சத்திரத்தில் சுண்ணாம்புச் சத்து!

பால், எலும்பு, சுண்ணாம்புக்கல் எல்லாத்திலும் கால்சியம் இருக்கு. வானத்திலும் இருக்கு, தெரியுமா?

ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள் தெரியும். நம்ம கைரேகை மாதிரி. நம் கொடைக்கானலில் 1899-ல் தொடங்கிய சூரிய ஆராய்ச்சி நிலையத்தில், கால்சியம் கோட்டின் ஊதா ஒளியிலேயே சூரியனைப் படம் எடுத்து வந்தார்கள். நூறு வருஷப் படங்கள் அங்கே சேர்ந்திருக்கு.

சூரியன் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டில் எரிபொருள் தீர்ந்து, ஊதிப் பெருத்து, புதன், வெள்ளியை விழுங்கிவிடும். கடைசியில் மிஞ்சுவது 'வெள்ளைக் குள்ளன்'. அளவு பூமி அளவுதான், நிறையோ சூரியனில் பாதி இருக்கும்! அதனால் ஈர்ப்பு விசை மிக அதிகம். கால்சியம், இரும்பு போன்ற கனமான தனிமங்கள் உள்ளே இறங்கிவிடும். மேலே ஹைட்ரஜன், ஹீலியம்தான் தெரியணும்.

ஆனால் 1917-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் 'வான் மானன் நட்சத்திரம்' என்ற வெள்ளைக் குள்ளனைக் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தபோது, கால்சியம் கோடு பதிந்திருந்தது. அது எப்படி வந்தது?

கலங்கின தண்ணியைக் குடத்தில் வைத்தால் மண் அடியில் தங்கிடும். மறுநாளும் கலங்கலாவே இருந்தா என்ன அர்த்தம்? யாரோ புதுசா மண் போட்டிருக்காங்க! அதே மாதிரிதான் இங்கேயும். தப்பிப் பிழைத்த கிரகங்களின் ஈர்ப்பு, சிறுகோள்களை நட்சத்திரத்தின் பக்கம் தள்ளிவிடும். கிட்டே போனதும் ஈர்ப்பு அதைப் பிய்த்துத் தூளாக்கும். அந்தப் பாறைத்தூள் நட்சத்திரத்தின் மேல் விழுகிறது. அதில் உள்ளதுதான் இந்தக் கால்சியம்.

2015-ல் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி மூலம் இதை நேரிலேயே பார்த்துவிட்டார்கள். டபிள்யூ.டி. 1145+017 என்ற வெள்ளைக் குள்ளனை, உடைந்துகொண்டிருந்த பாறை ஒன்று நாலரை மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டிருந்தது.

ஆக, 1917-லேயே வேற்றுச் சூரியக் குடும்பத்தின் அடையாளம் கைக்குக் கிடைத்திருக்கு. அதன் அர்த்தம் புரியத்தான் பல வருஷம் ஆச்சு. பழைய தகடுதானே என்று தூக்கிப் போடாமல் வைத்ததால் இன்று அதைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடிந்தது. கொடைக்கானல் படங்களையும் கணினியில் ஏற்றிப் பாதுகாத்திருக்காங்க. நாளைக்கு அதில் என்ன புரியப் போகுதோ!

தெரிந்துகொள்வோம்: வெள்ளைக் குள்ளனின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போகாது. இதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இந்தக் கணக்கைத் தொடங்கினார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார்.


– ஒன்பதாம் வகுப்பு மாணவி